ஒன்றுக்கு எண்பது

மூட்டுவலி என்று மருத்துவரிடம் போகிறோம். கூடவே முடி கொட்டுகிறது, எந்நேரமும் அசதி. அவர் சீட்டில் நாலைந்து ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருகிறார். இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்து விழுகிறது. ‘ஏஎன்ஏ: பாசிட்டிவ், 1:80.’ மருத்துவரை மறுபடி பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்த மூன்று நாளும் கைப்பேசியில் தேடித் தேடி, லூபஸ் என்ற நோயின் பெயரையும், அது சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்ற தகவலையும் படித்துவிட்டு வீடே தூக்கமின்றித் தவிக்கிறது.

இந்தத் தவிப்பில் பெரும்பகுதி தேவையில்லாதது. அந்த எண்ணை எப்படி எடுத்தார்கள், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே முடியாது என்று யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் போதும். நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் வாய்ப்பதில்லை. அதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆன்டிபாடி என்று கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பொருள்தான். பி செல்கள் முதிர்ந்து பிளாஸ்மா செல்களாகி, இந்தப் புரதங்களைச் சுரந்து ரத்தத்தில் விடுகின்றன. அவற்றில் முக்கால் பங்கு ஐஜிஜி என்ற வகை. நலமாக உள்ள ஒருவருக்கு நூறு மில்லி சீரத்தில் 700 முதல் 1,600 மில்லிகிராம் வரை ஐஜிஜி இருக்கும். அம்மைக்கு எதிரானது, ரண ஜன்னிக்கு எதிரானது, போன வருடக் காய்ச்சலுக்கு எதிரானது என்று லட்சக்கணக்கான வகைகள் அதில் கலந்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் சில, வெளியிலிருந்து வந்த கிருமியை விட்டுவிட்டு நம் சொந்தத் திசுவையே போய்ப் பற்றும். அவற்றைத்தான் தன்னெதிர்ப்பொருள்கள் என்கிறோம். செல்லின் உட்கருவைப் பற்றுகிற தன்னெதிர்ப்பொருளுக்கு ஏஎன்ஏ என்று பெயர்.

இதை அளக்கும் முறை 1957 வாக்கில் உருவானது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டில் ஹெப்-2 என்ற மனிதச் செல்களை வளர்த்து ஒட்டவைத்திருப்பார்கள். அதன்மேல் நோயாளியின் சீரத்தை விடுவார்கள். உட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருள் இருந்தால் அது அங்கே ஒட்டிக்கொள்ளும், மற்றதைக் கழுவிவிடுவார்கள். பிறகு, மனித எதிர்ப்பொருளைத் தேடிப் பற்றக்கூடிய, பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு எதிர்ப்பொருளை விடுவார்கள். இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், பாசிட்டிவ் என்றால் உட்கருக்கள் பச்சைப் பசேலென்று மின்னும்.

இந்த ஹெப்-2 செல்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். குரல்வளைப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் என்றே நெடுநாள் நம்பினார்கள். பின்னர் மரபணுவைச் சோதித்தபோது, அவை 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றால் இறந்துபோன ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் செல்கள் என்று தெரியவந்தது. ஆய்வகங்களில் பெருகிக் கலந்துவிட்டிருந்தன. அனுமதி கேட்காமல் அவரிடமிருந்து எடுத்த செல்களின் வாரிசுகள்தான் இன்று நம்மூர் லேப் தகட்டிலும் நமக்காக மின்னுகின்றன. அந்தத் தாய்க்கு நாம் பட்டிருக்கும் கடன் சின்னதில்லை.

இனி 1:80 என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். பாதியைக் கீழே ஊற்றிவிட்டு, அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் சேருங்கள். மஞ்சள் பாதியாகிவிட்டது. மறுபடி பாதியை ஊற்றுங்கள், தண்ணீர் சேருங்கள். இப்படியே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் கண்ணுக்கு நிறமே தெரியாது. கடைசியாக நிறம் தெரிந்தது எத்தனை மடங்கு நீர்த்தபோது என்று குறித்துக்கொண்டால், முதலில் எவ்வளவு மஞ்சள் போட்டோம் என்று ஊகித்துவிடலாம். லேபில் செய்வதும் இதைத்தான். சீரத்தை 40 மடங்கு, 80, 160, 320, 640 என்று இரட்டித்து நீர்த்துக்கொண்டே போய், பச்சை ஒளி கடைசியாகத் தெரிந்த மடங்கை எழுதுகிறார்கள். அதற்கு டைட்டர் என்று பெயர். எண் பெரிதாக இருந்தால் எதிர்ப்பொருள் அதிகம்.

மஞ்சள் தெரிகிறதா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரு டம்ளர் முன்னே பின்னே சொல்வார், இல்லையா? நுண்ணோக்கியில் பார்ப்பவரின் கண்ணும் அப்படித்தான். ஒரே சீரத்தை இரண்டு லேபில் கொடுத்தால் ஒருபடி ஏறவோ இறங்கவோ செய்யும். ஆகவே போன மாதம் 1:80, இந்த மாதம் 1:160 என்று வந்தால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று பதறக்கூடாது. அளவையின் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

அதைவிட முக்கியமான கேள்வி: நோயே இல்லாதவர்களுக்கு இந்த ஒளி தெரியாதா? தெரியும், தாராளமாகத் தெரியும். எங் டான் என்ற ஆய்வாளரின் தலைமையில் பல நாடுகளைச் சேர்ந்த பதினைந்து ஆய்வகங்கள் சேர்ந்து நலமான மனிதர்களின் சீரத்தைச் சோதித்தன. 1997இல் முடிவுகள் வெளியாயின. 1:40 அளவில் நூற்றுக்கு 31.7 பேர் பாசிட்டிவ். 1:80இல் 13.3 பேர். 1:160இல் 5 பேர். 1:320இல்கூட 3.3 பேர். இவர்கள் எல்லாம் எந்த நோயும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் ஆயிரம் பேருக்கு எந்தக் காரணமும் இன்றி இந்தச் சோதனையைச் செய்தால், 1:80 அளவில் 130 பேர் பாசிட்டிவ் ஆவார்கள். அந்த ஆயிரம் பேரில் லூபஸ் உள்ளவர் ஒருவர் இருந்தாலே அதிகம். மீதி 129 பேருக்கும் கிடைப்பது வீண்பயம். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் முகத்தில் படரும் சிவப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போன்ற எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு ‘முழு உடல் பரிசோதனை’ப் பொட்டலத்தில் ஏஎன்ஏவையும் சேர்த்து விற்பது தவறு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

லூபஸ் நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவாக இருக்கும் என்பது உண்மை. 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் வல்லுநர்கள் சேர்ந்து வகுத்த வரையறையில் 1:80 என்பதுதான் நுழைவுவாசல். வாசலைத் தாண்டினால் மட்டுமே மற்ற அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். வாசலில் நிற்பவர்கள் எல்லாம் அந்த வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவதில்லை.

நலமானவருக்கு ஏன் தன்னெதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன? வயது கூடக்கூட இவை தலைகாட்டும். தொற்று நோய்களின்போதும் தோன்றும். முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ‘ஆர்ஏ ஃபேக்டர்’ காசநோயிலும் தொழுநோயிலும்கூட பாசிட்டிவாக வரும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையே சிலருக்கு ஏஎன்ஏவை உண்டாக்கிவிடும். காசநோய் இன்னும் நம்மைவிட்டுப் போகாத நாட்டில், ரிப்போர்ட்டைப் படிக்கும் மருத்துவர் இதை மறக்கக்கூடாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் இந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை’ என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். இதற்கு நேர்மாறான ஒரு கதை அமெரிக்க ராணுவத்தின் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்தது.

ராணுவத்தில் சேருகிறவர்களுக்கும் பணியில் உள்ளவர்களுக்கும் எடுக்கும் ரத்தத்தில் மிஞ்சும் சீரத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வீசிவிடாமல் உறையவைத்துச் சேமித்து வந்தது. ஐம்பது லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் சுமார் 3 கோடிக் குப்பிகள். அந்த வீரர்களில் 130 பேருக்குப் பின்னாளில் லூபஸ் வந்தது. ஓக்லஹோமாவைச் சேர்ந்த மெலிசா ஆர்பக்கிள், ஜான் ஹார்லி குழுவினர் அந்த 130 பேரின் பழைய குப்பிகளைத் தேடி எடுத்தார்கள். ஓட்டமும் பயிற்சியுமாக அவர்கள் நலமாக இருந்த நாட்களில் எடுத்த ரத்தம் அது. 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே ஏதாவது ஒரு தன்னெதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. ஒருவருக்கு 9.4 ஆண்டுகளுக்கு முன்பே!

அதில் ஒரு வரிசையும் தெரிந்தது. முதலில் வந்தவை ஏஎன்ஏ, ரோ, லா என்ற பெயருள்ள எதிர்ப்பொருள்கள் போன்றவை. நோய்க்குச் சராசரியாக மூன்றரை ஆண்டுக்கு முன்பு. அடுத்து இரட்டை இழை டிஎன்ஏவைப் பற்றும் எதிர்ப்பொருள், சுமார் இரண்டு ஆண்டுக்கு முன்பு. கடைசியாக எஸ்எம், ஆர்என்பி என்பவை; நோய் வெடிப்பதற்கு ஓராண்டு சொச்சத்துக்கு முன்பு. வருடக்கணக்காக வகைமேல் வகையாகச் சேர்ந்துகொண்டே வந்து, அந்தச் சேர்க்கை ஓரளவைத் தாண்டியபோது உடம்பு நோயைக் காட்டியிருக்கிறது. 2003இல் இந்த ஆய்வு வெளியானது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தில், பிற்பாடு முடக்குவாதம் வந்த 79 ரத்தக் கொடையாளர்களின் பழைய ரத்தத்தைப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு முதல் மூட்டுவலி வருவதற்கு வெகுமுன்பே, பொதுவாக நாலரை ஆண்டுக்கு முன்பே, எதிர்ப்பொருள் இருந்தது.

எனவே தனியாக நிற்கிற ஏஎன்ஏ வேறு. டிஎன்ஏ எதிர்ப்பொருளும் எஸ்எம்மும் கூடச் சேர்ந்து நிற்கிற ஏஎன்ஏ வேறு. எஸ்எம் என்பது லூபஸ் நோயாளிகளில் சிறுபகுதியினருக்கே இருக்கும், ஆனால் இருந்தால் அது லூபஸ்தான் என்று ஏறத்தாழ அடித்துச் சொல்லலாம். எதிர்ப்பொருளின் அளவைப் போலவே அதன் வகையும் கூட்டாளிகளும் முக்கியம்.

இவை வெறும் அடையாளங்களா, அல்லது நோயைச் செய்வதே இவைதானா? 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் தன் உடம்பையே வைத்து இதற்கு விடை தேடினார். டெங்கு வந்தால் நாம் பதறிப்போய் எண்ணுகிறோமே, அந்தத் தட்டணுக்கள் காரணமின்றிக் குறைந்துபோகும் ஒரு நோய் உண்டு. அந்நோயுள்ள ஒரு பெண்ணிடமிருந்து அரை லிட்டர் ரத்தத்தை அவர் தனக்கு ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயின. வலிப்பு வந்தது. தோலெங்கும் ரத்தப்புள்ளிகள். நாலைந்து நாளில் எண்ணிக்கை தானாகவே மேலேறி அவர் பிழைத்தார். தட்டணுக்களை அழிக்கும் ஏதோ ஒரு பொருள் அந்தப் பெண்ணின் ரத்தத்தில் இருந்தது என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அது ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் என்று பிறகு தெரிந்தது. இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது.

இயற்கையே இதே சோதனையைக் கருப்பையில் நடத்துகிறது. தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்த சில மாதங்கள் வரை குழந்தையைக் கிருமிகளிடமிருந்து காப்பது அதுதான். தாயிடம் தன்னெதிர்ப்பொருள் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலர் பாலை உறிஞ்சக்கூட வலுவின்றிப் பிறக்கிறார்கள். ஐஜிஜியின் பாதி ஆயுள் சுமார் 21 நாள். அந்தக் கணக்கில் தாயின் எதிர்ப்பொருள் கரையக் கரைய, சில வாரங்களில் குழந்தை தெம்பாகிவிடுகிறது.

ரோ எதிர்ப்பொருள் உள்ள தாயின் விஷயம் இவ்வளவு இலகுவானதன்று. குழந்தையின் தோலில் வரும் தடிப்புகள் ஆறேழு மாதத்தில் மறையும். ஆனால் நூற்றில் சுமார் இரண்டு கர்ப்பங்களில், சிசுவின் இதயத்தில் மின்துடிப்பைக் கடத்தும் திசு தழும்பேறி இதய அடைப்பு உண்டாகிறது. இது எதிர்ப்பொருள் போன பிறகும் சரியாவதில்லை. பிறந்த பிறகு பெரும்பாலோருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படும். இதில் மனத்தை உறுத்தும் உண்மை, இந்தத் தாய்மாரில் பலருக்கு எந்த நோயும் தெரிந்திருக்காது என்பதுதான். குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்த பிறகே தாயின் ரத்தத்தைப் பார்க்கிறார்கள். முதல் குழந்தைக்கு இப்படி ஆனவர்கள், அடுத்த கர்ப்பத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுத்துக்கொண்டால் மீண்டும் இந்த அடைப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

சரி, எதிர்ப்பொருள் கூடினால் நோயும் கூடுமா? இங்கேதான் ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு வழியில் போகிறது.

மயஸ்தீனியாவில் எண் மிக அதிகமாக உள்ள ஒருவர் இமை மட்டும் சற்றுத் தாழ்ந்து வேலைக்குப் போய்வருவார். எண் குறைவாக உள்ள இன்னொருவர் மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டரில் இருப்பார். இருவர் எண்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. முடக்குவாதத்துக்கான ஆன்டி-சிசிபியில், இயல்பு வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் நோயை உறுதிசெய்ய அதிக மதிப்பெண் தருகிறார்கள். ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகு அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு போவதில் பயனில்லை. மூட்டு வீக்கம் வடிந்ததா என்பதே கேள்வி.

தைராய்டு எதிர்ப்பொருளும் அப்படியே. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேருக்கு டிபிஓ எதிர்ப்பொருள் இருந்தது. தைராய்டு குறைவு இருந்ததோ 11 பேருக்குத்தான். டிபிஓ பாசிட்டிவ் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும். அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியது தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனின் அளவை. டிபிஓ 600இலிருந்து 400 ஆகிவிட்டது என்று மகிழ்வதற்கும், 900 ஆகிவிட்டது என்று அழுவதற்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

லூபஸில் இரட்டை இழை டிஎன்ஏ எதிர்ப்பொருள் மட்டும் வேறு ரகம். இந்த எதிர்ப்பொருளும் டிஎன்ஏவும் பிணைந்த கூட்டுகள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிகின்றன. அங்கே காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் செலவழிந்து அழற்சி மூள்கிறது. அதனால் ஒரே நோயாளியின் ரத்தத்தில் இந்த எண் ஏறிக்கொண்டும், சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் அளவுகள் இறங்கிக்கொண்டும் போனால், நோய் பொங்கப்போகிறது என்று மருத்துவர் உஷாராகிறார். எண் ஏறியவுடனேயே ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் மீள்வது வெகுவாகக் குறைகிறது என்று 1995இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இருந்தும் அதை எல்லோரும் பின்பற்றுவதில்லை. எண் ஏறியும் வருடக்கணக்காக எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு எலும்பையும் கண்ணையும் சர்க்கரையையும் பதம்பார்க்கும் மருந்து. அவர்களுக்கு அதை ஊட்டாமல், அடிக்கடி வரவழைத்துச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் காத்திருப்பதே விவேகம் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

எதிர்ப்பொருளை ஊற்றுக்கண்ணிலேயே அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து விடை வந்திருக்கிறது. எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸால் சிறுநீரகம் பாதித்த 20 வயதுப் பெண் ஒருவருக்கு, கேயார்க் ஷெட் குழுவினர், அவருடைய டி செல்களையே எடுத்து, பி செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்தினார்கள். ரத்தப்புற்றுக்குப் பயன்படும் கார்-டி சிகிச்சை இது. 5,000க்கு மேல் இருந்த டிஎன்ஏ எதிர்ப்பொருள் ஐந்து வாரத்தில் 4 ஆகிவிட்டது; நோயும் அடங்கியது. 2021இல் இச்செய்தி வெளியானது. அடுத்த ஆண்டு மேலும் சிலருக்கு இதே பலன் கிடைத்ததைச் சொன்னபோது, தடுப்பூசிகளால் வந்த எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் குறையாமல் அப்படியே இருந்ததையும் குறிப்பிட்டார்கள். அம்மைக்கான எதிர்ப்பொருளை எலும்பு மஜ்ஜையில் நெடுங்காலம் வாழும் பிளாஸ்மா செல்கள் சுரக்கின்றன. இந்த நோயாளிகளின் டிஎன்ஏ எதிர்ப்பொருளோ பி செல்களிலிருந்து புதிது புதிதாக உருவான குறுகிய ஆயுள் செல்களிலிருந்து வந்திருக்க வேண்டும். செலவு மிகுந்த, இன்னும் ஆய்விலுள்ள சிகிச்சைதான். ஆனால் தன்னெதிர்ப்பொருளை மட்டும் வற்றவைத்து மற்றவற்றை விட்டுவைக்க முடியும் என்பதை மனிதர்களில் பார்த்துவிட்டோம்.

உங்கள் கையில் ‘பாசிட்டிவ்’ என்று ஒரு ரிப்போர்ட் இருந்தால் இவற்றைச் செய்யுங்கள். எந்த லேப், எந்த முறை, என்ன டைட்டர் என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒளிர்வு முறையில் வந்த எண்ணை எலிசா என்ற வேறொரு முறையில் வந்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விரல் மூட்டுகள் காலையில் மணிக்கணக்கில் மடங்காமல் இருந்தாலோ, வெயிலில் முகம் சிவந்தாலோ, காலும் முகமும் வீங்கினாலோ, தொடர்ந்து கருச்சிதைவு நேர்ந்தாலோ, எண் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வாதநோய் மருத்துவரிடம் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இயங்குகிறது. இவற்றில் எதுவுமே இல்லை, 1:80 என்ற எண் ஒன்றுதான் இருக்கிறது என்றால், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நம் தெருவில் நலமாக நடமாடுகிறவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் அந்த எண்ணோடுதான் இருக்கிறார்.